என் நெஞ்சுக்காக வந்த மீன் பெட்டி

சவாய்யி தீவு,
திங்கட்கிழமை, விடாத மழை

ஆக்லாந்தில் வீற்றிருந்தபடியே இந்தக் குடும்பத்துக்குக் கூரையாக விளங்கும் பெருமதிப்பிற்குரிய அக்கா லோசா அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் தம்பியும், இந்த ஊரின் பேச்சாளனும், தங்கள் தயவால் இன்னும் இரண்டு காலில் நிற்பவனுமாகிய ஃபலானிக்கோ பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரி ரூத்தா, பன்றிகள் எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் அத்தானும் அத்தானுடைய முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் சாயங்கால ஜெபத்தில் மறக்காமல் சொல்கிறேன். போன காற்றில் நம் சமையல் கொட்டகையின் தகரம் ஒன்று பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு வாழைமேல் உட்கார்ந்துவிட்டது. அதைத் தவிர வேறு சேதம் ஏதும் இல்லை.

நிற்க. நீங்கள் அனுப்பிய மீன் பெட்டிக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். அக்கா செய்த உதவிக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லி முடித்துக்கொள்வது மரியாதையில்லை. அதோடு தொலைபேசியில் நீங்கள்தான் பேசுகிறீர்கள், எனக்கு வாய்ப்பே வருவதில்லை. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

ரூத்தாவுடைய அண்ணன் மகள் திரேசா நர்ஸாகி நம் ஊர்ப் பக்கமே வந்திருக்கிறாள் அல்லவா? அவள் ஒருநாள் மாதர் சங்கக் கொட்டகையில் எல்லோருக்கும் ரத்தக் கொதிப்புப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தாள். நானும் ஊருக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டுமே என்று முதல் ஆளாகக் கையை நீட்டினேன். பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். பார்த்தாள். மறுபடியும் அடித்தாள். கருவி கெட்டுவிட்டதோ என்று தன் கையிலேயே ஒருமுறை கட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "மாமா, நீங்க எப்படி நடந்து வந்தீங்க?" என்று கேட்டாள். "காலாலதான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "புதுக் கோயில் திறப்பு வரைக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள இது இறங்கணும். இறங்கலைன்னா உங்களை வெயில்ல நிக்கவச்சுப் பேச விடமாட்டேன். தலைவர்கள் கூட்டத்துல நானே வந்து சொல்லிடுவேன், சொந்தம்னெல்லாம் பார்க்கமாட்டேன்" என்றாள், அத்தனை பெண்களுக்கு நடுவில்.

அக்கா, இது எனக்கு எப்படிப்பட்ட அடி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் திறப்பு என்றால் சுற்றுவட்டாரத்து ஊர்களின் பேச்சாளர்கள் எல்லாம் வருவார்கள். நம் ஊருக்காக ஒருவன் திறந்த வெளியில், தோளில் துணியில்லாமல், தலையில் தொப்பியில்லாமல், தடியை ஊன்றி நின்று அவர்கள் ஒவ்வொருவருக்கும் பதில் பேச வேண்டும். உட்காரக் கூடாது. தண்ணீர் கேட்கக் கூடாது. அப்பா நின்ற இடம் அது. நான் நிற்காவிட்டால் அங்கே நிற்கப்போகிறவன் யார்? தைத்தோ! நம் வேலிக்கு அந்தப் பக்கத்து தைத்தோ, ஊரின் இரண்டாவது பேச்சாளன். திரேசா சொன்னதைக் கேள்விப்பட்ட அன்றைக்கே தன் தடியை எடுத்துத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து வாசலில் காய வைத்துவிட்டான். "என்னய்யா ஃபலானிக்கோ, உடம்பைப் பாத்துக்க. பேச்சு கீச்செல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று வேலிக்கு மேலே தலையை நீட்டி அக்கறையாக விசாரித்தான். அந்த அக்கறையிலேயே எனக்குக் கொதிப்பு இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

திரேசா வீட்டுக்கே வந்து என் அலமாரியைத் திறந்து பார்த்தாள். உள்ளே முழுக்கப் பிசுப்போ. "மாமா, இந்த மாட்டிறைச்சி டின்னைத் திறந்ததும் மேல மஞ்சளா நிக்குதே, அது என்ன?" என்றாள். "ருசி" என்றேன். "அதுதான் உங்க நெஞ்சுல போய் உக்காந்திருக்கு. இனிமே பிசுப்போ கிடையாது, வான்கோழி வால் கிடையாது. டின் மீன் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டாள். நான் விடவில்லை. "கடலை வாசல்ல வச்சுக்கிட்டு டின்னுல மீன் தின்னச் சொல்றியே, ஊரு சிரிக்காதா?" என்று கேட்டேன். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "கடல்ல மீனு இருக்கு மாமா, உங்க தட்டுல இருக்கா? நீங்க வலையைத் தொட்டு எத்தனை காலமாச்சு? பிடிக்கிறவனும் சந்தையில வித்துட்டு அந்தக் காசுல பிசுப்போ வாங்கிட்டுத்தானே வீட்டுக்கு வர்றான்?" என்றாள். பதில் பேசுவதுதான் என் தொழில். ஆனாலும் அன்றைக்கு அலமாரிக் கதவைத்தான் சாத்தினேன்.

அப்புறம் ஒரு பிரசங்கம் செய்தாள் பாருங்கள். டின் மீனில் இருக்கிற கொழுப்பு வேறு ஜாதியாம், அது நெஞ்சுக்கு நன்மை செய்யுமாம். தசைக்கு வேண்டிய புரதம் பிசுப்போவுக்குக் குறையாமல் இருக்கிறதாம். "நடு முள்ளைத் துப்பிடாதீங்க, டின்லயே வெந்து மெத்துன்னு ஆயிருக்கும், மென்னு முழுங்குங்க. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தே அதுலதான் இருக்கு" என்றாள். உப்புத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு ஒருமுறை அலச வேண்டும், தேங்காய்ப் பாலைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றக் கூடாது, சேப்பங்கிழங்கோடும் கீரையோடும் எலுமிச்சை பிழிந்து சாப்பிட வேண்டும். எல்லாம் சரிதான். ஆனால் இந்த ஊரில் மீன் டின்னுக்கு என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். விருந்தாளிக்குப் பிசுப்போ திறந்தால் முகம் மலரும், மீன் திறந்தால் கூரையில் எத்தனை ஓட்டை என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

இந்தச் சமயத்தில்தான் ரூத்தா உங்களிடம் அழுது, நீங்கள் கூப்பிட்டீர்கள். "அழாதடா. உன் நெஞ்சுக்கு நல்லதா ஒண்ணு கப்பல்ல போட்டு விடறேன். காலையில எந்திரிச்சதும் தவறாம, ஏமாத்தாம. சரியா?" என்றீர்கள். நம் ஊரில் அக்கா சொல்லைத் தட்டுகிறவன் போதகர் சொல்லைத் தட்டுகிறவனைவிட மோசமானவன். நான் அன்றைக்கே பிசுப்போவை எல்லாம் பன்றிக் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுத் தங்கள் பெட்டிக்காகக் காத்திருந்தேன்.

வந்தது. மேலே பெரிய மீன் படம் போட்ட பெட்டி. ஆனால் வந்த நேரம்தான் வேடிக்கை. துறைமுகத்திலிருந்து சாமான் ஏற்றி வந்த லாரி, நம் செஃபோ கிழவரின் சாவு வீட்டுக்கு நாம் கொடுக்க வேண்டிய பெட்டிகளையும் இதையும் ஒன்றாக இறக்கிவிட்டது. நம் வீட்டுப் பையன்கள் பெட்டி என்றால் பெட்டிதான் என்று எல்லாவற்றையும் தோளில் வைத்துக்கொண்டுபோய்ச் சாவு வீட்டுப் பாயில் அடுக்கிவிட்டார்கள். வந்த பொருளை உரக்கக் கூவி அறிவிக்க வேண்டியவன் யார்? நான்தான். தடியோடு நிற்கும்போது மூக்குக் கண்ணாடி போட்டால் பேச்சாளனுக்கு அழகில்லை என்று கழற்றி வைத்திருந்தேன். மீன் படம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. "கேளுங்கள், எல்லோரும் கேளுங்கள்! அலைகளைத் தாண்டி வந்த மீன் பெட்டி! என் குடும்பத்திலிருந்து, செஃபோவின் பிள்ளைகளுக்கு!" என்று அடிவயிற்றிலிருந்து கூவினேன். கடற்கரை வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். கூவியது கூவியதுதான், கொடுத்தது கொடுத்ததுதான். பேச்சாளன் வாயிலிருந்து போன பன்றியைக்கூடத் திரும்பக் கொண்டுவந்து கட்ட முடியாதே, அக்கா!

கூவி முடித்துத் தடியைச் சாய்த்தால், செஃபோவின் மனைவி யுதித்தா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். குனிந்து, மேலே தடித்த மையில் நீங்கள் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தாள். "ஃபலானிக்கோவுக்கு மட்டும். அவன் நெஞ்சுக்காக. வேறு எவனும் கைவைக்கக் கூடாது." யுதித்தா பெட்டியைக் கட்டிக்கொண்டு, "என் புருஷனுக்காகத் தன் நெஞ்சு மருந்தையே தூக்கிக் கொடுத்துட்டாரே!" என்று அழ ஆரம்பித்தாள். அதுவரை மரியாதைக்கு அழுதவர்களெல்லாம் அப்போது நிஜமாகவே அழுதார்கள். நான் என்ன செய்வேன்? தலையைக் குனிந்துகொண்டேன். அது அடக்கம் என்று ஊர் எடுத்துக்கொண்டது. ரூத்தா மட்டும் பின்னாலிருந்து என் இடுப்பில் கிள்ளி, "மீனை அலசச் சொன்னா அவ. உங்க வாயையில்ல முதல்ல அலசணும்!" என்றாள்.

இனிமேல்தான் நன்றி சொல்ல வேண்டிய இடம். யுதித்தா அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. ஒருவனுடைய நெஞ்சு அதற்குள் இருக்கிறது, அதை எப்படித் தின்பது என்று சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் தன் வீட்டிலிருந்து வேறு மீன் டின்னை உடைத்து, வெங்காயமும் எலுமிச்சையும் போட்டு, மூடி எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். அதற்கடுத்த ஞாயிறு அவள் தங்கை. பிறகு போதகரின் மனைவி. அப்புறம் ஊரே ஆரம்பித்துவிட்டது, அக்கா! எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு மீன். நடு முள்ளை எனக்கென்று எடுத்து வைத்தார்கள். நான் மெல்லுகிறேனா என்று பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். சமைத்துப் போட முடியாத வீட்டுக்காரர்கள் டின்னாகவே கொண்டுவந்து அலமாரியில் அடுக்கிவிட்டுப் போனார்கள். பிசுப்போ இருந்த தட்டு முழுக்க மீனாகிவிட்டது. விருந்துகளில் பேச்சாளனுக்கு என்று ஒதுக்குகிற பன்றி முதுகுத் துண்டு இருக்கிறதே, அதை, "இவருக்கு ஆகாது" என்று என் மூக்குக்கு முன்னாலேயே எடுத்து தைத்தோவின் இலையில் வைத்தார்கள். அதன் தோல் மொறுமொறுவென்று இருந்தது. எனக்கு வர வேண்டிய பிசுப்போவும் அவனுக்கே போயிற்று. அவன் ஒவ்வொரு விருந்திலும் என்னைப் பார்த்துக்கொண்டே மென்றான்.

தங்கள் பெட்டி மட்டும் ஓய்வில்லாமல் ஊரைச் சுற்றியது. யுதித்தா அதைப் போதகரின் புது வீட்டுக்குக் கொடுத்தாள். போதகர் அதை மேடைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு முழுப் பிரசங்கமே செய்தார், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அங்கிருந்து தைத்தோவின் மகள் கல்யாணத்துக்குப் போயிற்று. தைத்தோ வீட்டிலிருந்து கோயில் திறப்புக்கான காணிக்கைக் குவியலுக்கு வந்தது. ஒருவரும் திறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் நானே கூவினேன், ஒவ்வொரு முறையும் கூட்டம் உருகியது. தூக்கினவர்களெல்லாம், "நியூசிலாந்து மீனு, என்னமா கனக்குது!" என்று பாராட்டினார்கள். நீங்களும் நடுநடுவே கூப்பிட்டு, "தினமும் பண்றியாடா?" என்று விசாரித்தீர்கள். "ரெண்டு கையாலயும் பண்றியா?" என்று கேட்டபோது எனக்குப் புரியவில்லை. ஆக்லாந்தில் கத்தி ஒரு கையிலும் முள்கரண்டி ஒரு கையிலும் வைத்துச் சாப்பிடுகிற நாகரிகத்தைச் சொல்கிறீர்கள் என்று நினைத்து, "ஆமாம் அக்கா" என்றேன். "வேர்க்குதா?" என்றீர்கள். சூடாகச் சாப்பிட்டால் வேர்க்கத்தான் செய்கிறது என்று சொன்னேன். என்மேல் இவ்வளவு அக்கறையா என்று அன்றைக்கு இன்னொரு முள்ளை அதிகமாக மென்றேன்.

தைத்தோவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் நான் மனுஷனில்லை. மகள் கல்யாணம் முடிந்த மறுநாள் வேலிக்கு மேலே அவன் தலை தெரிந்தது. கையில் ஒரு மீன் டின். "இந்தா, தின்னுத் தொலை" என்று நீட்டினான். "நீ எதுக்குய்யா குடுக்கற? நான் விழுந்தா உனக்குத்தானே நல்லது?" என்று கேட்டேன். வாழைச் சருகு ஒன்றைப் பிய்த்துப் போட்டான். "உன்னை ஜெயிச்சு அந்த இடத்துல நிக்கணும்யா. நீ செத்துப்போய் நான் நின்னா என்ன கவுரவம் அதுல?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்த டின்னை மட்டும் நான் திறக்கவில்லை. ஏனென்று எனக்கே தெரியாது.

போன வாரம் திரேசா வந்தாள். பட்டையைக் கட்டினாள். காற்றடித்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் தன் கையில் கட்டிப் பார்த்தாள். பிறகு எழுந்து, அத்தனை பெண்களுக்கு நடுவில், என் தலையில் முத்தமிட்டாள். "பேசுங்க மாமா, வாய் வலிக்கிற வரைக்கும் பேசுங்க" என்றாள். நான் அழுதேன் அக்கா. சொல்ல எனக்கென்ன வெட்கம்? அழுதேன்.

சனிக்கிழமை கோயில் திறப்பு. அப்பா நின்ற இடத்தில் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கிழக்கே இருந்து வந்த பேச்சாளன் நம் வம்சத்தை நோவா வரைக்கும் இழுத்தான். நான் நோவாவுக்கு முந்தியே போய் அவனுக்காகக் காத்திருந்தேன். முழங்கால் ஆடவில்லை, நாக்கு ஒட்டவில்லை. பாதிப் பேச்சில் பின்னால் 'தொப்'பென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், நான் எப்போது விழுவேன் என்று பின்னால் தயாராக நின்ற தைத்தோ விழுந்து கிடக்கிறான். என் பங்குப் பன்றியும் என் பங்குப் பிசுப்போவும் சேர்ந்து அவனைச் சாய்த்துவிட்டன. திரேசா ஓடிப்போய்ப் பட்டையைக் கட்டினாள். கருவியைத் தன் கையில் கட்டிப் பார்த்தாள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இனி அவனுக்கும் மீன்தான். அப்போது போதகர் கையை உயர்த்தி, ஃபலானிக்கோவைக் காப்பாற்றிய அந்தப் பெட்டி இனி தைத்தோவுக்குப் போகட்டும், அதை ஃபலானிக்கோவே கொண்டுபோய்க் கூவிக் கொடுக்கட்டும் என்று சொன்னார். கூட்டம் முழுவதும் ஆமென் என்றது.

ஆகவே தங்கள் பெட்டி ஊரெல்லாம் சுற்றிவிட்டு இன்றைக்கு என் வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் இருக்கிறது. நாளைக் காலை வேலிக்கு அந்தப் பக்கம் போகும். ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இதிலிருந்து ஒரு துண்டுகூட என் வாய்க்குப் போகவில்லை. ஆனாலும் இதுதான் எனக்கு ஊர் முழுவதின் மீனையும் ஊட்டியது. நீங்கள் அனுப்பிய மீனின் சத்து டின்னுக்கு வெளியேயும் வேலை செய்கிறது அக்கா, நான் பேச்சுக்குச் சொல்லவில்லை.

உங்கள் வீட்டு அடுப்பு ஒருநாளும் அணையாமல் இருக்கட்டும். அத்தானின் முழங்கால் குளிரில் மடங்கட்டும், நீளட்டும். உங்களைத் தூக்கி வளர்த்த இந்தத் தீவின் எல்லாத் தென்னைகளும் உங்களுக்காக ஒருமுறை அசைந்ததாக எடுத்துக்கொள்ளவும். ரூத்தாவின் அன்பும் இதில் அடக்கம்.

தங்கள் கால்மாட்டில் உட்காரும் தம்பி,
ஃபலானிக்கோ

பின்குறிப்பு: அக்கா, கையெழுத்துப் போட்டு மடிக்கப் போனேன். நாளைக்குக் கொடுக்க வேண்டிய பெட்டியாயிற்றே என்று ரூத்தா தூசி துடைக்கத் தூக்கினாள். இத்தனை வீடு சுற்றி நைந்துபோன அடிப்பக்கம் விட்டுப்போய், என் கால் விரலுக்குப் பக்கத்தில் 'டங்' என்று விழுந்தது. மீன் இல்லை. கடையில் கிடைத்த காலி மீன் பெட்டிக்குள், உங்கள் பழைய நீலத் துண்டில் சுற்றிய டம்பெல்கள், ஜோடி ஜோடியாக. சிறியதும் பெரியதுமாக. ரூத்தா ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இதுதான் உங்க நெஞ்சுக்கு வந்த மீனா? முள்ளு கொஞ்சம் கெட்டியால்ல இருக்கு!" என்றாள். ரெண்டு கையாலும் பண்ணுகிறாயா என்று நீங்கள் கேட்டது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு சாவு, ஒரு புது வீடு, ஒரு கல்யாணம், ஒரு கோயில் எல்லாவற்றுக்கும் இரும்புக் குண்டைத்தான் மீன் என்று கூவியிருக்கிறேன். முதலில் எனக்கு வந்த யோசனையை மறைக்காமல் சொல்கிறேன். அடியை ஒட்டிவிட்டு அப்படியே தைத்தோவுக்குக் கொடுத்துவிடலாம், கடித்துப் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அலமாரியைத் திறந்தேன். ஊர் கொடுத்த டின்களில் மிச்சமிருந்தவை எல்லாம் வரிசையாக இருந்தன, கடைசியில் தைத்தோ கொடுத்தது. ஒன்று விடாமல் பெட்டிக்குள் அடுக்கினேன். அவனுடையதை மேலாக வைத்தேன், திறந்ததும் தெரியட்டும் என்று. நான் என் நெஞ்சு மருந்தையே தூக்கிக் கொடுத்தவன் என்று ஊர் இத்தனை நாளும் சொன்னதெல்லாம் பொய் அக்கா. நாளைக் காலை நான் கூவும்போது அது மெய்யாக இருக்கும். அலமாரி இப்போது காலி, குண்டுகளில் ஒன்றை ரூத்தா கதவு அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறாள், மற்றவற்றை நாளையிலிருந்து தூக்குகிறேன், ரெண்டு கையாலும், சத்தியம். மேலே எழுதிய நன்றியை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்த கப்பலில் ஒரு பெட்டி மீன் அனுப்பி வையுங்கள். பெட்டிக்கு மேலே மட்டும் தயவுசெய்து ஒன்றும் எழுத வேண்டாம்.